ஓவர் என்றால் எதற்கு மேல்?

தமிழில் ஒருவர் ‘ஓவர்’ என்று சொன்னால் அது மூன்றில் ஒன்றாக இருக்கும். கிரிக்கெட்டில் ஆறு பந்து. அல்லது முடிந்துபோனது: "படம் ஓவர், கிளம்பலாம்." அல்லது கண்டனம்: "படத்துல எல்லாமே ஓவர்." இந்த மூன்றாவதுதான் என்னை ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் இன்னொரு சொல்லின் தலையில் ஏறி உட்கார்ந்தால்தான் ‘அளவுக்கு மீறிய’ என்ற பொருளைத் தரும். ஓவர்ஆக்டிங், ஓவர்டோஸ், ஓவர்லோடு, ஓவர்கான்ஃபிடன்ஸ். நாம் சொல்லைக் கழற்றி வீசிவிட்டு முன்னொட்டை மட்டும் வைத்துக்கொண்டோம். "ஓவரா பண்றான்", "இதெல்லாம் கொஞ்சம் ஓவர்." எதில் ஓவர், எவ்வளவு ஓவர் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. தீர்ப்பு வந்துவிட்டது, அது போதும்.

நான் பிழைப்புக்கு மொழிபெயர்ப்பு செய்கிறவன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், பணியாளர் விதிமுறை, இயந்திரக் கையேடு என்று எவரும் ஆசைப்பட்டுப் படிக்காத வகையறா. இந்த வேலையில் மிகையைக் குறிக்கும் முன்னொட்டுகள் நாள் தவறாமல் வரும். ஓவர், ஹைப்பர், சூப்பர், அல்ட்ரா, எக்ஸ்ட்ரா. அகராதியைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் ‘மிகை’, ‘அதி’, ‘மீ’ என்று ஏறக்குறைய ஒரே பதில்தான். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டுப் பாருங்கள். சூப்பர்மேனை ஓவர்மேன் ஆக்கினால் அவர் பறக்கமாட்டார், எங்கோ சுரங்கத்தில் வேலையாட்களை அதட்டிக்கொண்டிருப்பார்.

இதில் வேடிக்கை, ஓவரும் ஹைப்பரும் சூப்பரும் பிறப்பில் ஒன்று. இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் ‘மேலே’ என்ற பொருளில் ‘உபேர்’ போன்ற ஒரு வேர் இருந்தது என்பது மொழியியலாளர்கள் முடிவு. அது கிரேக்கத்தில் ஹைப்பர் ஆயிற்று, லத்தீனில் சூப்பர் ஆயிற்று, ஜெர்மனில் ஊபர், ஆங்கிலத்தில் ஓவர். சமஸ்கிருதத்தில் ‘உபரி’. ஆமாம், அணை நிரம்பியதும் உபரி நீர் திறப்பு என்று செய்தியில் வருகிறதே, அதே உபரிதான். கைப்பேசியில் கார் கூப்பிடும் ஊபரும் அந்த உபரியும் தூரத்துச் சொந்தம் என்பதை ஒருமுறை தெரிந்துகொண்டால் பிறகு மறப்பது கஷ்டம். இன்னொரு கிளையும் உண்டு. லத்தீன் சூப்பர் பிரெஞ்சுக்குள் போய்த் தேய்ந்து ‘சர்’ என்று திரும்பி வந்தது. சர்சார்ஜ், சர்நேம், சர்ப்ளஸ் எல்லாம் அந்த வழி. ஆக, சர்ப்ளஸ் என்பதை உபரி என்று தமிழாக்கியவர், அறிந்தோ அறியாமலோ, பிரிந்த உறவைச் சேர்த்து வைத்திருக்கிறார்.

ஒரே பொருளை ஆங்கிலம் மூன்று முறை வாங்கி வைத்திருப்பதற்கு நல்ல சாட்சி ஓவர்சீ, சூப்பர்வைஸ், சர்வே. மூன்றும் ‘மேல்’ என்பதோடு ‘பார்’ என்பதை ஒட்டிய சொற்கள்தான். ஓவர்சியர் சாலை போடுவதைப் பார்த்தார், சூப்பர்வைசர் தேர்வு மண்டபத்தில் நடந்தார், சர்வேயர் சங்கிலி பிடித்து நிலம் அளந்தார். நம்முடைய ‘மேற்பார்வை’யும் இதே தையல்தான். பிஷப் என்ற சொல்லும் கிரேக்கத்தில் ‘மேலிருந்து பார்ப்பவர்’ என்பதிலிருந்து வந்தது. தமிழ் விவிலியம் அதைக் ‘கண்காணி’ என்று பெயர்த்தது. அதே கண்காணி கங்காணியாகித் தோட்டங்களில் என்ன பொருள் பெற்றார் என்பது வேறு கதை, இங்கே அதற்குள் போகவேண்டாம்.

வேர் ஒன்றாக இருந்தும் ஆங்கிலத்துக்குள் இந்தச் சொற்களுக்கு அந்தஸ்து வேறு வேறாகிவிட்டது. ஓவர் மண்ணின் மைந்தன், பழைய ஆங்கிலத்திலிருந்தே இருப்பது. அதனால் அது வீட்டு மொழியில் திட்டப் பயன்படுகிறது. லத்தீன் படிப்பாளிகளின் வழியாக வந்த சூப்பர் பாராட்டாக மாறிவிட்டது. கிரேக்க ஹைப்பர் மருத்துவர் கையெழுத்தில் வாழ்கிறது. ஒருவரை ‘ஓவர்சென்சிடிவ்’ என்றால் அது வசை, கொஞ்சம் எதையும் தாங்கமாட்டார் என்று அர்த்தம். ‘ஹைப்பர்சென்சிடிவ்’ என்றால் ஒவ்வாமை, ஊசி போடுமுன் கேட்டுக்கொள்ளவேண்டிய விஷயம். அகராதிப்படி இரண்டுக்கும் ‘மிகை உணர்வுள்ள’ என்றே எழுதலாம். முதலாவதற்கு முகம் சிவக்கும், இரண்டாவதற்குச் சீட்டு எழுதித் தருவார்கள். ஓவர்ஆக்டிவ் என்ற சொல் கற்பனைக்கும் தைராய்டு சுரப்பிக்கும் அமைந்தது. குழந்தை என்றால் ஹைப்பர்ஆக்டிவ்.

அல்ட்ரா இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது இல்லை. லத்தீனில் ‘அப்பால்’ என்பதே அதன் பொருள், அளவைப் பற்றி அதற்குக் கவலையே கிடையாது. 1801இல் ஜெர்மன் இயற்பியலாளர் யோகான் வில்ஹெல்ம் ரிட்டர், நிறமாலையில் ஊதா முடிந்த இடத்துக்கும் அப்பால், கண்ணுக்கு எதுவுமே தெரியாத இருட்டில், சில்வர் குளோரைடு இன்னும் வேகமாகக் கறுப்பதைப் பார்த்தார். அந்தக் கதிருக்குப் பின்னால் வந்த பெயர்தான் அல்ட்ராவயலட். மிக அதிகமான ஊதா என்று பொருள் கொண்டால் தப்பு, ஊதாவைத் தாண்டிய ஒன்று. தமிழில் இதைப் ‘புற ஊதா’ என்று பெயரிட்டவருக்கு ஒரு கும்பிடு போடவேண்டும். மிகையூதா என்றோ அதியூதா என்றோ போய் மாட்டிக்கொள்ளாமல், வெளியே நிற்பது என்று சரியாகப் பிடித்திருக்கிறார். அல்ட்ராமெரின் என்ற நீலமும் அப்படித்தான். ஆப்கானிஸ்தானின் படாக்‌ஷான் மலைச் சுரங்கங்களில் எடுத்த நீலக்கல்லை அரைத்துச் செய்த சாயம், ஐரோப்பிய ஓவியருக்குக் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது, அதனால் அந்தப் பெயர். கடலைவிட நீலம் என்று எண்ணிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அழகான தவறு, இருந்துவிட்டுப் போகட்டும். அப்பால் என்ற இந்தச் சாதுவான சொல்லை ‘மிக மிக’ என்று மாற்றியதில் அரசியலுக்கும் விளம்பரத்துக்கும் பங்கு உண்டு. இப்போது சவர பிளேடு முதல் டயப்பர் வரை எல்லாமே அல்ட்ரா.

ஓவருக்குத் திரும்புவோம், விஷயம் அங்கேதான் அடர்த்தியாக இருக்கிறது.

ஓவர் முதலில் ஓர் இடத்தைத்தான் சொன்னது. ஓவர்கோட் என்றால் மேலே போடும் கோட்டு, அளவு மிஞ்சிய கோட்டு இல்லை. ஓவர்ஹெட் என்றால் தலைக்கு மேல். பாத்திரத்தின் விளிம்புக்கு மேலே எழும்பியது ஓவர்ஃபுளோ. இடத்திலிருந்து அளவுக்குத் தாவிய கணத்தை இந்தச் சொல்லில் பார்க்கலாம். விளிம்புக்கு மேல் என்பது இடமும்தான், மிகையும்தான். அங்கே தொடங்கி, கண்ணுக்குத் தெரியாத விளிம்புகளுக்கெல்லாம் இந்த முன்னொட்டு பரவியது: தூக்கத்துக்கு, பேச்சுக்கு, நம்பிக்கைக்கு, யோசனைக்கு.

எல்லா ஓவரும் இப்படி ஒழுங்காக வராது. ஓவர்ஹியர் என்றால் நிறையக் கேட்பது என்று யாராவது நினைத்தால் பரிதாபம், அது காதில் தற்செயலாக விழுவது. ஓவர்விண்டர் என்றால் குளிர்காலத்தைக் கழிப்பது. ஓவர்டேக் என்றால் முந்துவது, ஆனால் அண்டர்டேக் என்றால் பொறுப்பேற்பது, அதைச் செய்பவர் அண்டர்டேக்கர் ஆனால் பிணப்பெட்டி வந்துவிடுகிறது. ஓவர்லுக் இன்னும் மோசம். ஜன்னல் கடலை ஓவர்லுக் செய்தால் கடல் நன்றாகத் தெரிகிறது, கணக்காளர் ஒரு பிழையை ஓவர்லுக் செய்தால் அது தெரியவே இல்லை. பழைய ஆங்கிலப் பேச்சில் இதே சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு பொருளும் இருந்தது: கண் வைப்பது. நாம் திருஷ்டி என்கிறோமே, அதேதான். ஒருவரை ஓவர்லுக் செய்துவிட்டார்கள் என்றால் கண் பட்டுவிட்டது. ஓவர்சைட் என்ற பெயர்ச்சொல்லிலும் இந்தக் குழப்பம் அப்படியே இருக்கிறது. ஓவர்சைட் கமிட்டி என்றால் கண்காணிப்புக் குழு. அதை ஓவர்சைட் என்று விட்டுவிட்டோம் என்றால் கவனிக்காமல் விட்டது. இரண்டும் ஒரே பத்தியில் வரும் ஒரு விசாரணை அறிக்கையை மொழிபெயர்த்துப் பாருங்கள், தமிழ் எவ்வளவு நிம்மதி என்று தெரியும்.

சில ஓவர்களில் பின்பாதி செத்துப்போய் முன்னொட்டு மட்டும் உயிரோடு இருக்கும். ஓவர்வீனிங் என்றால் தலைக்கனம். ‘வீன்’ என்று ஒரு வினை இருந்தது, எண்ணுவது என்று பொருள், இன்று யாரும் பேசுவதில்லை. தன்னைப் பற்றி அளவுக்கு மேல் எண்ணியவன் மட்டும் மிஞ்சியிருக்கிறான். ஓவர்ராட் என்பதில் இருக்கும் ‘ராட்’, வொர்க் என்பதன் பழைய இறந்தகால வடிவம். அதாவது நரம்பு தெறிக்க நிற்பவரும் ஓவர்வொர்க் செய்தவரும் இலக்கணப்படி ஒரே ஆள். ஓவர்வெல்ம் இதைவிட அருமை. ‘வெல்ம்’ என்றாலே கவிழ்த்து மூடுவது, மூழ்கடிப்பது. அதற்கு மேல் ஓவர் தேவையே இல்லை. ஏற்கெனவே மூழ்கியவனை இன்னொரு முறை அமுக்குகிறது. தமிழ் இலக்கணத்தில் ‘மீமிசை ஞாயிறு’ என்று ஓர் எடுத்துக்காட்டு சொல்வார்கள், மீ என்றாலும் மேல், மிசை என்றாலும் மேல். ஒருபொருட்பன்மொழி என்று அதற்கு மரியாதையான பெயரும் கொடுத்திருக்கிறார்கள். ஓவர்வெல்முக்கும் அந்தச் சலுகை கொடுத்துவிடலாம்.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். ஓவர் என்று சொன்னதும் ஒரு கோடு இருக்கிறது என்று ஆகிவிடுகிறது. அதற்கு மேல் போனதால்தானே ஓவர்? ஆனால் கோடு எங்கே என்று அந்தச் சொல் சொல்வதில்லை. தமிழில் ‘அளவுக்கு மீறி’, ‘தேவைக்கு மேல்’, ‘வரம்பு தாண்டி’ என்று சொல்லும்போது அளவு, தேவை, வரம்பு என்ற சொல் வாயிலிருந்து வந்தாகவேண்டும். வந்ததும் எதிராளி பிடித்துக்கொள்ளலாம்: "என்ன அளவு? யார் வச்ச வரம்பு?" ஆங்கில முன்னொட்டு அந்த வாய்ப்பைத் தருவதில்லை. ஓவர்திங்க் பண்ணாதே என்று ஒருவர் சொல்லும்போது, எவ்வளவு யோசித்தால் சரி என்ற கணக்கு அவர் பையில் இருக்கிறது, வெளியே எடுக்கமாட்டார். ஓவர்ரியாக்ட் பண்றே என்றால், உனக்கு நடந்ததற்கு எவ்வளவு கோபம் வரலாம் என்பதை நான் ஏற்கெனவே நிர்ணயித்துவிட்டேன் என்று பொருள். அடித்தவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள் என்பது என் அவதானிப்பு.

எனக்கு இது உறைத்தது ஒரு வேலை விண்ணப்பத்தில். ஒரு நிறுவனம் இரண்டு வரியில் பதில் அனுப்பியது, நான் அந்த இடத்துக்கு ஓவர்குவாலிஃபைட் என்று. பாராட்டுபோலத் தெரிந்தது, மேலே ஏற்றிக் கதவுக்கு வெளியே இறக்கிவிட்டிருக்கிறார்கள். அதைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். "உங்களுக்குத் தேவைக்கு மேல் தகுதி இருக்கிறது." எழுதியதும் அடுத்த கேள்வி தானாக வருகிறது: யாருடைய தேவைக்கு? சம்பளமா, சீக்கிரம் போய்விடுவேன் என்ற பயமா, மேலாளரைவிட வயதா? ஆங்கிலத்தில் அந்த மூன்றும் ஒரே முன்னொட்டுக்குள் சௌகரியமாகப் பதுங்கிக்கொண்டன.

கோட்டை வெளிப்படையாகப் போட்டவர்களும் இருக்கிறார்கள், அப்போதுதான் இந்த முன்னொட்டு எப்படி வேலை செய்கிறது என்று நன்றாகத் தெரியும். ஓவர்வெயிட் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் வைத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீடு, பிஎம்ஐ. அமெரிக்காவில் ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்பதுதான் கோடாக இருந்தது. 1998இல் அந்நாட்டு தேசிய சுகாதார நிறுவனங்களின் வழிகாட்டுதல் இருவருக்கும் அதை 25 ஆக்கியது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எண்ணும் 25தான். முதல் நாள் இரவு சாதாரண எடையோடு தூங்கப்போன கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் மறுநாள் ஓவர்வெயிட்டாக எழுந்தார்கள். ஒரு கிராம்கூட ஏறவில்லை. வெயிட் அப்படியே இருந்தது, ஓவர்தான் கீழே இறங்கி வந்தது.

ஹைப்பருக்கும் இதே கதை. 2017 நவம்பரில் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் ஹைப்பர்டென்ஷனின் தொடக்கத்தை 140/90 என்பதிலிருந்து 130/80 ஆக இறக்கின. அந்நாட்டின் வயதுவந்தோரில் 32 சதவீதமாக இருந்த உயர் ரத்த அழுத்தக்காரர்கள், எண் மாறியதும் 46 சதவீதம் ஆனார்கள். நான் இதை மருத்துவர்களைக் குறைசொல்ல எழுதவில்லை. இரண்டு மாற்றத்துக்கும் பின்னால் ஆய்வுகள் இருந்தன, வாதப் பிரதிவாதங்களும் நடந்தன. அதுதான் நான் சொல்லவருவது. இங்கே கோடு எண்ணாக வெளியே இருக்கிறது, அதனால் அதோடு சண்டை போட முடிகிறது. பொருளாதாரத்திலும் ஒருவர் இந்த நாணயத்தோடு நடந்துகொண்டார். ஹைப்பர்இன்ஃபிளேஷன் என்றால் என்ன என்று கேட்டதற்கு ஃபிலிப் கேகன் 1956இல் ஒரு மாதத்தில் 50 சதவீத விலையேற்றம் என்று சொல்லிவிட்டார். 49 என்றால் வெறும் இன்ஃபிளேஷன், அழுதுகொண்டே தாங்கிக்கொள்ளவேண்டியது. 1946 ஜூலையில் ஹங்கேரியில் ஏறத்தாழ 15 மணி நேரத்துக்கு ஒருமுறை விலைகள் இரட்டிப்பானபோது வரையறைக்கு யாரும் காத்திருக்கவில்லை என்பது வேறு.

கோடு போடுவதால் ஓவர் பிறக்கவும் செய்யும். ஓவர்டைம் என்ற சொல்லைப் பற்றி யோசித்தால் இது புரியும். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை வேலை என்று இருந்த காலத்தில் ஓவர்டைம் எங்கே இருக்க முடியும்? நேரத்துக்கு முடிவே இல்லாதபோது நேரத்துக்கு மேல் என்ற ஒன்று இல்லை. பல நாடுகளில் தொழிலாளர்கள் தலைமுறைக்கணக்கில் போராடிய பிறகு, 1919இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எழுதியது. அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டுச் சட்டம் படிப்படியாக வாரம் 40 மணி நேரத்துக்குக் கொண்டுவந்தது, அதற்கு மேலே உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி. இங்கே ஓவர் உழைப்பவர் பக்கம் நிற்கிறது. முதலாளி சொல்லும் ஓவர்குவாலிஃபைடும் தொழிலாளி கேட்கும் ஓவர்டைமும் ஒரே முன்னொட்டுதான், கோட்டை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். ஓவர்வொர்க் என்பதற்கு அவ்வளவு தெளிவான கோடு அமையவில்லை. ஜப்பானியர்கள் அதன் கடைசிப் படிக்குக் ‘கரோஷி’ என்று பேர் வைத்தார்கள், மிகை உழைப்பால் நேரும் மரணம். ஓர் ஊழியர் எப்போது ஓவர்வொர்க் செய்தார் என்பது அங்கே அவர் இறந்த பிறகு விசாரித்து முடிவு செய்யவேண்டியதாகிவிட்டது.

சரி, ஹைப்பர். இதில் என் தொழில்முறைக் கோபம் ஒன்று இருக்கிறது. ‘மேல்’ என்பதற்கு ஹைப்பர் என்ற கிரேக்கர்கள் ‘கீழ்’ என்பதற்கு ஹைப்போ என்றார்கள். லத்தீனில் சூப்பர், சப். சமஸ்கிருதத்தில் உபரி, உப. (உபநதி, உபதலைவர் எல்லாம் அந்த ‘உப’.) எல்லா மொழியிலும் இரட்டையர்கள்தான், ஆனால் ஒலியில் இவ்வளவு நெருங்கி நிற்பது கிரேக்க ஜோடிதான், மருத்துவம் போய் அதையே பிடித்துக்கொண்டது. சர்க்கரை நோய் மருந்துத் தாள் ஒன்றை நினைத்துப் பாருங்கள். ‘ஹைப்போகிளைசீமியா’ என்று ஒரு தலைப்பு: வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே, உடனே இனிப்பு ஏதாவது கொடுக்கவேண்டும். நாலு வரி தள்ளி ‘ஹைப்பர்கிளைசீமியா’: தாகம், அடிக்கடி சிறுநீர், சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, இனிப்பு கொடுத்தால் மேலும் கெடும். இரண்டு சொல்லுக்கும் நடுவில் வேறுபடுவது ஓர் அசை. இரைச்சலான தொலைபேசியில் அதுவும் கரைந்துபோகும். அழுத்தம் விழாத அசையில் ஆங்கிலக்காரர்கள் உயிரெழுத்தையே விழுங்கிவிடுவார்கள். தமிழில் ‘உயர் சர்க்கரை’, ‘தாழ் சர்க்கரை’ என்று எழுதுகிறேன். அரைத் தூக்கத்தில் படித்தாலும் உயரையும் தாழையும் ஒருவர் மாற்றிப் படிக்கமாட்டார். கலைச்சொல் கிரேக்கத்தில் இருந்தால்தான் கனம் என்று வாதாடும் நண்பர்களிடம் இந்தத் தாளைத்தான் நீட்டுவேன்.

பேச்சுத் தமிழ் இன்னும் ஒரு படி சிக்கனம். அதற்கு உயரும் வேண்டாம், மிகையும் வேண்டாம். "அவருக்கு பிபி இருக்கு." "அப்பாவுக்கு சுகர்." ரத்த அழுத்தம் இல்லாத மனிதர் உயிரோடு இருக்க முடியாது, ரத்தத்தில் சர்க்கரை எல்லோருக்கும் உண்டு. ஆனாலும் பெயரைச் சொன்னாலே மிகை என்று புரிந்துகொள்கிறோம். வாய் எல்லோருக்கும் இருக்கிறது, "அவனுக்கு வாய்" என்றால் வேறு. கொழுப்பும் அப்படித்தான். "உனக்குக் கொழுப்புடா" என்பதில் அளவுச்சொல் எதுவும் இல்லை, இருந்தாலும் எவ்வளவு என்று கேட்டவருக்குத் தெரிகிறது. ஆங்கிலத்திலும் இது உண்டு, குழந்தைக்கு டெம்பரேச்சர் என்றால் ஜுரம், ஒருவருக்கு ஆட்டிட்யூட் என்றால் திமிர். முன்னொட்டே இல்லாத மிகை இது. கோட்டை இங்கே யாரும் சொல்வதில்லைதான், ஆனால் ஓவர்போல ஒளித்துவைப்பதும் இல்லை. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் பொதுவாக அது முன்பே தெரிந்திருக்கிறது.

எழுத்துத் தமிழில் மிகைக்குக் கையிருப்பு மூன்று என்று சொன்னேன். ‘மிகை’ கொஞ்சம் குறைசொல்லும்: மிகைநடிப்பு, மிகைப்படுத்தல். ‘அதி’ பிரமிக்கும்: அதிவேகம், அதிநவீனம். (அதிகாலை மட்டும் விதிவிலக்கு, அது காலை மிஞ்சிப்போனது இல்லை, காலை சரியாக வந்துசேரும் முன்னால்.) ‘மீ’ அறிவியலுக்குப் போய்விட்டது: மீயொலி, மீயுரை. மீயொலியில் வருவது ஆங்கிலத்தின் அல்ட்ரா, மீயுரையில் வருவது ஹைப்பர். ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற சொல்லை டெட் நெல்சன் 1965இல் அச்சில் கொண்டுவந்தபோது அவர் மிகையான எழுத்தைச் சொல்லவில்லை, காகிதத்தின் ஒற்றை வரிசைக்குள் அடங்காமல் கிளைபிரியும் எழுத்தைச் சொன்னார். கணிதத்தில் ஹைப்பர்ஸ்பேஸ் என்பார்களே, அந்த ஹைப்பர். ‘மிகையுரை’ என்று யாரும் பெயர்க்காதது அதிர்ஷ்டம். இணையத்தில் இருப்பதில் பாதிக்கு அது பொருந்தித்தான் போகும் என்றாலும்.

ஹைப்பர்கரெக்‌ஷன் என்ற மொழியியல் சொல்லையும் இங்கே சொல்லவேண்டும், எனக்கு மிகப் பிடித்த மிகை அது. பிழை வந்துவிடுமோ என்ற பயத்தில் சரியானதைத் தாண்டிப்போய்ப் பிழை செய்வது. ஆங்கிலத்தில் ‘மீ’ என்று முடியவேண்டிய இடத்தில் பயந்துபோய் ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்பார்கள். ஆக்டோபஸ் என்பதை லத்தீன் என்று எண்ணி ஆக்டோபை என்று பன்மை செய்வார்கள், அது கிரேக்கம். நம் பக்கம் ‘முயற்ச்சி’. ஒற்று மிகவேண்டும் என்று பள்ளியில் அடித்துச் சொன்னதன் விளைவு, ற் வந்த பிறகும் கை நிற்காமல் ஒரு ச் போட்டுவிடுகிறது. சுவரொட்டிகளில் இதைப் பார்க்கும்போதெல்லாம் எழுதியவர் அலட்சியக்காரர் இல்லை, அதிக அக்கறைக்காரர் என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசியாக ஒரு விஷயம். இந்த முன்னொட்டுகளுக்கும் பணவீக்கம் வரும். ஒன்றைச் சொல்லிச் சொல்லி அதன் மதிப்பு போனதும் அதற்கு மேல் இன்னொன்று வேண்டியிருக்கிறது. சூப்பர்மார்க்கெட் சாதாரணமானதும் ஹைப்பர்மார்க்கெட் வந்தது. 1963இல் பாரிஸுக்கு அருகே ஒரு பிரெஞ்சு நிறுவனம் திறந்த பெருங்கடையைத் தொடக்கம் என்பார்கள். ஒலியில் நடந்தது இன்னும் சுவை. காதுக்கு எட்டாத உயர் அதிர்வுள்ள ஒலியைத்தான் முன்பு சூப்பர்சானிக் என்றார்கள். பிறகு ஒலியை மிஞ்சும் வேகத்துக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது, பழைய பொருளை அல்ட்ராசானிக் வாங்கிக்கொண்டது. ஒலியைப் போல் ஐந்து மடங்குக்கும் மேலான வேகத்துக்கு ஹைப்பர்சானிக் என்ற பெயரை 1946இல் சியென் ஷுவேசென் ஒரு கட்டுரையில் எழுதினார். பின்னாளில் சீனாவின் ஏவுகணைத் திட்டத்தை உருவாக்கியவர் அவர்தான். விமானி சக் யேகர் சூப்பர்சானிக் எல்லையைத் தாண்டியது 1947 அக்டோபர் 14. அதாவது விமானத்தில் மனிதன் ஒலியை ஒரு மடங்கு மிஞ்சும் முன்பே ஐந்து மடங்கு மிஞ்சுவதற்கான சொல் தயாராக இருந்தது.

வானொலி அலைகளில்தான் பெயர் வைத்தவர்களின் திண்டாட்டம் முழுசாகத் தெரியும். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளதை ஹை ஃபிரீக்வென்சி என்று பெயரிட்டுவிட்டார்கள், உயரம் அவ்வளவுதான் என்ற நம்பிக்கையில். தொழில்நுட்பம் மேலே ஏறியது. 300 வரை வெரி ஹை. 3000 வரை அல்ட்ரா ஹை. அதற்கும் மேல் 30 கிகாஹெர்ட்ஸ் வரை சூப்பர் ஹை. இங்கே சூப்பர் அல்ட்ராவுக்கு மேலே என்பதைக் கவனியுங்கள், ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. பிறகு 300 கிகாஹெர்ட்ஸ் வரை எக்ஸ்ட்ரீம்லி ஹை. அதையும் தாண்டியதற்கு முன்னொட்டுகள் தீர்ந்துவிட, ட்ரெமெண்டஸ்லி ஹை என்ற பெயரும் புழங்குகிறது.

ஐரோப்பியத் தெற்கு வானாய்வகத்தாரும் இந்த ஏணியில் ஏறினார்கள். சிலியின் பரனல் மலையில் அவர்கள் வைத்திருப்பதன் பெயர் வெரி லார்ஜ் டெலஸ்கோப். இப்போது அருகே இன்னொரு மலையில் கட்டிக்கொண்டிருப்பது எக்ஸ்ட்ரீம்லி லார்ஜ் டெலஸ்கோப், ஆடியின் குறுக்களவு 39 மீட்டர். முதலில் 42 என்று திட்டமிட்டுப் பிறகு குறைத்தார்கள். அதற்கும் முன்னால் 100 மீட்டர் ஆடியோடு ஒரு தொலைநோக்கி அவர்களின் வரைபலகையில் இருந்தது. ஓவர்வெல்மிங்லி லார்ஜ் என்று பெயர். செலவும் சிக்கலும் கைமீறிப்போகும் என்று கண்டு அதைக் கைவிட்டார்கள்.